வீட்டில் ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பாடிப் பதிகிறவர்களும், கதை படித்துப் பதிகிறவர்களும், வாத்தியம் வாசிப்பவர்களும் இம்முறை அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த மைக்கை வாங்கலாம்?" என்றே முடிந்திருந்தன. அந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது. கடிதங்களை ஊன்றிப் படித்தபோது, ஏறக்குறைய எல்லோரிடமும் தேவையான கருவி ஏற்கெனவே இருப்பதும், அது நிற்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டிருப்பதும் தெரிந்தது. ஆகவே, கையில் இருப்பதை வைத்தே தீர்க்கக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் ஒரு கண்டன்சர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. பாடிப் பதிந்து கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதைப் போல ஒலிக்கிறது. இதைவிட உயர்ந்த மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. இன்னும் நுட்பமான மைக், அந்தக் கிணற்றை இன்னும் நுட்பமாகப் பதிந்து தரும், அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி பேசுவது வழக்கம்; ஒலிப்பதிவில் மட்டும் பெரும்பாலும் கூடமேதான் கோணலாக இருக்கிறது.

உங்கள் குரல் மைக்கை இரண்டு வகையில் சென்றடைகிறது. வாயிலிருந்து நேராகப் போவது ஒன்று. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பிச் சற்றுப் பிந்திப் போவது மற்றொன்று. எதிரே ஒருவர் பேசும்போது இந்த இரண்டாவது ஒலியை நம் மூளை தானாகவே ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. அதனால்தான் அறையில் இருக்கும்போது எதிரொலி இருப்பதே நமக்கு உறைப்பதில்லை. மைக்குக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வருவதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்.

முதலில் செய்ய வேண்டியது மைக்குக்கு அருகில் செல்வது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. ஆனால் அறையில் சுற்றித் திரியும் எதிரொலியின் அளவு எங்கே நின்றாலும் அநேகமாக ஒன்றுதான். 60 செ.மீ. தொலைவில் நின்று பாடியவர் 15 செ.மீ.க்கு வந்துவிட்டால் குரல் 12 டெசிபல் உயர்ந்துவிடும். அந்த 12 டெசிபலை, மைக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகில் குறைத்துக்கொள்ளும்போது, எதிரொலியும் பக்கத்து அறை மின்விசிறியின் ஓசையும் அதே அளவுக்குக் கீழே போய்விடுகின்றன. எந்தக் கருவியும் எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்து தராது.

அடுத்தது, அறைக்குள் இடம் தேடுவது. கைகளைத் தட்டிக்கொண்டே வீடு முழுவதும் நடந்து பாருங்கள். வெற்றுச் சுவர்கள் எதிரெதிரே நிற்கும் இடத்தில், தட்டலுக்குப் பின்னால் 'டிர்ர்' என்று ஓர் உலோக அதிர்வு தொடரும். மெத்தையும் கனத்த திரையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள இடத்தில் தட்டல் உடனே செத்துவிடும். இரண்டாவது வகை இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறையிலும் நட்டநடுவையும் மூலைகளையும் தவிருங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருக்குமானால், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அந்தச் சுவர்களுக்கிடையே நிலையலைகளாக நின்று, ஓரிடத்தில் வீங்கியும் இன்னோரிடத்தில் அமுங்கியும் கேட்கும். நடுவிலும் மூலையிலும் இந்தக் குளறுபடி அதிகம்.

பிறகு போர்வை. பலரும் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் போர்வையை மாட்டிவிட்டு, பலனில்லை என்கிறார்கள். உங்கள் மைக் கார்டியாய்ட் வகையாக இருந்தால், அதற்கு முன்புறம்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப்புறம் மிகக் குறைவாகவே கேட்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களை. உங்களைத் தாண்டி, உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. எனவே முதல் போர்வை அங்கேதான் தொங்க வேண்டும். துணி அலமாரி இருந்தால் கதவுகளைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடலாம். கனமான போர்வைகளையே பயன்படுத்துங்கள்; சுவரோடு ஒட்டிப் போடாமல், இரண்டு நாற்காலிகள் அல்லது ஒரு துணிக்கொடியின் உதவியால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர், ஒரு விரல் தடிமனான துணி அதை எதுவும் செய்துவிட முடியாது. இடைவெளி விட்டால் துணி சற்றே தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கத் தொடங்கும்.

மேசையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாயும் மைக்கும் மேசைப் பரப்புக்கு 30 செ.மீ. மேலே, ஒன்றுக்கொன்று 30 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மேசையில் பட்டுத் திரும்பும் குரல் ஏறத்தாழ 37 செ.மீ. அதிகம் பயணம் செய்து, ஒரு மில்லிவினாடிக்குச் சற்றுக் கூடுதலான தாமதத்துடன் மைக்கை அடைகிறது. அந்தத் தாமதத்தால் 460, 1,400, 2,300 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குழிவிழுகின்றன. குரல் தகரக் குழாய்க்குள் புகுந்து வந்ததைப் போல ஆகிவிடுகிறது. மைக் ஸ்டாண்டை மேசையிலிருந்து இறக்கி, எழுந்து நின்று பாடுவதே நல்ல தீர்வு. அது இயலாதபோது மேசைமேல் கெட்டியாக மடித்த துண்டையாவது விரியுங்கள்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் பெரிய கண்டன்சர் மைக் ஒன்று கைக்கு வந்தபோது, மேடை மைக்கைப் பிடிப்பதைப் போலவே அதன் உச்சியை நோக்கி மூன்று வாரங்கள் பாடிக்கொண்டிருந்தேன். அந்த வகை மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை. உற்பத்தியாளரின் பெயரோ இதய வடிவக் குறியோ இருக்கும் பக்கமே பொதுவாக அதன் முகம். மற்றதையெல்லாம் செய்வதற்கு முன் உங்கள் மைக் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: கதைகளைப் படித்துப் பதிகிறேன். மைக்குக்கு அருகில் சென்றால் குரல் கனத்துப் போகிறது. 'ப' வரும்போதெல்லாம் 'டப்' என்று இடிக்கிறது. தள்ளிப் போனால் எதிரொலி. நான் எங்கேதான் நிற்பது?

பதில்: அருகிலேயே நில்லுங்கள், ஆனால் நேரெதிரே நிற்க வேண்டாம். 'ப' என்று உச்சரிக்கும்போது மூடிய இதழ்கள் திறந்து காற்று ஒரு குட்டிப் பந்தாக வெளியே பாய்கிறது. அது ஒலியன்று, காற்று. நேர்க்கோட்டில் சிறிது தூரமே செல்லும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், முகத்திலிருந்து 30 முதல் 45 பாகை விலக்கி, கடைவாயை நோக்கித் திருப்பி வைத்தால், காற்று மைக்கைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடும். ஒலியோ எல்லாப் பக்கமும் பரவுவதால் குறைவின்றிப் பதியும். சொல்லின் முதலில் வரும் சகரம் சீழ்க்கையடிப்பதைப் போலக் கூர்மையாகக் கேட்டாலும் இதே மருந்துதான். மேலும் பாதுகாப்பு வேண்டுமானால், பூத்தையல் போடும் வளையத்தில் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்துக் கட்டி, மைக்குக்கு நான்கு விரற்கடை முன்னால் நிறுத்துங்கள். கடையில் விற்கும் பாப் ஃபில்டர் செய்யும் வேலையை அது செய்துவிடும்.

குரல் கனப்பதற்குக் காரணம் வேறு. கார்டியாய்ட் போன்ற திசை சார்ந்த மைக்குகளுக்கு, ஒலி மிக அருகிலிருந்து வரும்போது தாழ்ந்த அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் குணம் இயற்கையிலேயே உண்டு. இரவுநேர வானொலி அறிவிப்பாளர்களின் குரலில் நாம் ரசிக்கும் அந்தக் கனிவில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. 15 முதல் 20 செ.மீ. வரை, அதாவது விரித்த கையின் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட ஒரு சாண் அளவு, பெரும்பாலான குரல்களுக்கு ஒத்துவரும். தூரத்தைவிட முக்கியமானது அது மாறாமல் இருப்பது. பக்கம் புரட்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டே படித்தால், கதையின் பாதியில் குரலின் நிறமே மாறிவிடும். தாளை மைக்குக்குப் பின்னால் கண்ணுக்கு நேராக உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டினால் வெளிச் சத்தம் உள்ளே வராதாமே?

பதில்: வரும். மெல்லிய காகித அட்டை வெளியோசையை அறவே தடுக்காது. உள்ளே எழும் எதிரொலியிலும் உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் சிதறடிப்பதோடு சரி. போதாக்குறைக்கு எளிதில் தீப்பற்றும். எதிரொலியை உறிஞ்சுவது ஒரு வேலை, வெளியோசையைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. பின்னதற்கு எடையும் காற்றுப் புகாத மூடலும் தேவை என்பதால், கதவின் அடியிடுக்கில் சுருட்டிய துண்டை அடைப்பதும், தெரு அடங்கிய நேரத்தில் பதிவதும் முட்டை அட்டையைவிடப் பயன் தரும்.

கேள்வி: பதியும்போது அளவுமானி சிவப்பைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும் என்று என் ஆசிரியர் சொல்கிறார். மென்பொருளோ எச்சரிக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் ஆசிரியர் டேப்பில் பதிந்து பழகியவராக இருக்கலாம், அந்தக் காலத்துக்கு அவர் சொன்னது சரிதான். டேப்புக்குத் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. அதற்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்தவே அளவைக் கூட்டிப் பதிந்தார்கள். எல்லை மீறினாலும் டேப் மெல்ல மெல்லத்தான் கரகரக்கும். டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது சுவர். அதைத் தொட்ட அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட குரலை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

அவ்வளவு உயரத்தில் பதிய வேண்டிய தேவையும் இப்போது இல்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் பதிவு கோட்பாட்டளவில் 96 டெசிபல் வீச்சையும், 24 பிட் பதிவு 144 டெசிபல் வீச்சையும் தாங்கக்கூடியவை. மென்பொருளில் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பாடும் மிக உரத்த வரிகூட மைனஸ் 12 முதல் மைனஸ் 10 டெசிபலுக்குள் நிற்கும்படி கெயினை வையுங்கள். பிறகு வேண்டிய அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். அளவு பார்க்கும்போது "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பேசிப் பார்ப்பதில் பொருளில்லை. பாட்டிலேயே உச்சத்தைத் தொடும் இடத்தை முழுமூச்சாகப் பாடிப் பாருங்கள். உண்மையில் பதியும்போது யாருமே ஒத்திகையைவிட உரக்கத்தான் பாடுவார்கள். ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற சாம்பிள் ரேட்டைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். மனிதக் காதின் எல்லை 20தான். காணொளிக்காகப் பதிகிறீர்கள் என்றால் 48ஐ வைத்துக்கொள்ளுங்கள். பதிவை, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். எம்பி3 ஆக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

கேள்வி: எல்லாப் பதிவிலும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் அடியில் ஓடுகிறது. மைக் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மாறாத ஒரே சுருதியில் கேட்டால் அது மின்சாரத்தின் குரல். நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால், சார்ஜர் வழியாகவோ எர்த் இணைப்புகளுக்கு இடையே உருவான சுற்று வழியாகவோ அது வருகிறது என்று பொருள். பேட்டரியிலேயே பதியலாம், அல்லது எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பார்க்கலாம். எர்த் முனையைக் கழற்றிவிட்டால் ஓசை நிற்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தான யோசனை அது, கேட்காதீர்கள்.

பேட்டரியிலும் ரீங்காரம் தொடர்ந்தால், மைக் கேபிள் மின்கேபிளோடு இணைந்து ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்காகக் கடக்கட்டும். மின்கிதார் வாசிப்பவர்கள், கிதாரை மடியில் வைத்தபடியே மெல்லத் திரும்பினால், ரீங்காரம் அடங்கும் திசை ஒன்று தட்டுப்படும்.

கேள்வி: ஹெட்போனில் என் குரல் எனக்கே பிந்திக் கேட்கிறது. தாளத்தைப் பிடிக்கவே முடியவில்லை.

பதில்: புளூடூத் ஹெட்போனாக இருந்தால் முதலில் அதை ஒதுக்கிவிட்டு, கம்பி ஹெட்போனை மாட்டுங்கள்; புளூடூத்தின் தாமதம் பாடகருக்கு ஒத்துவராது. அடுத்து, மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை ஒரே தடவையில் எத்தனை சாம்பிளாகச் சேர்த்துக் கையாள்கிறது என்பதைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1,024 சாம்பிள் என்பது 21 மில்லிவினாடி. குரல் உள்ளே செல்ல ஒருமுறை, வெளியே வர ஒருமுறை என்று இது இரட்டிப்பாகும். அதையே 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடிதான். கணினி திணறி ஓசை விட்டுவிட்டு வந்தால் 256க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்து கலவை வேலைக்கு வரும்போது மீண்டும் 1,024க்குப் போய்விடலாம். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தான் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அதை அழுத்தியதும் உங்கள் குரல் கணினிக்குள் போகாமலேயே காதுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருள் வழியாக வரும் குரலை நிறுத்திவைக்க மறக்காதீர்கள்; மறந்தால் குரல் இரண்டு முறை கேட்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கைப்பேசி மட்டுமே. புல்லாங்குழல் வாசிக்கிறேன். ஓரளவுக்காவது நன்றாகப் பதிய வழி உண்டா?

பதில்: உண்டு, ஓரளவுக்கு மேலேயே பதியலாம். கைப்பேசிகளின் மைக் மோசமானதன்று. அதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருள்தான் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. தொடர்ந்து ஒரே மட்டத்தில் ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணி அடக்குவதும், மெல்லிய இடங்களில் தானாகவே ஒலியைக் கூட்டுவதும் அதன் வேலை. நீண்டு நிற்கும் ஒரு சுரத்தை அது மின்விசிறி என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே, அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி அளவுச் சீராக்கத்தையும் அணைக்க முடிகிற, வேவ் வடிவில் சேமிக்கிற ஒரு பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். புளூடூத் இயர்போனில் உள்ள மைக்கைப் பயன்படுத்த வேண்டாம். தொலைபேசிப் பேச்சுக்கான அதன் அலைவரிசை இசைக்குப் போதாது.

பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை மைக் கீழ்விளிம்பில் உள்ள சின்னத் துளை. உறை அதை மறைக்காமலும், கை படாமலும், தடித்த துணியின்மேல் கைப்பேசியை நிறுத்துங்கள். ஊதுதுளைக்கு நேரே வைத்தால் காற்றோசைதான் பதியும். விரல்கள் இயங்கும் பகுதியை நோக்கி, சற்று மேலிருந்து, அரை மீட்டர் தொலைவில் தொடங்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இடத்துக்கு இடம் ஒரு கீர்த்தனையின் முதல் வரியை மட்டும் வாசித்து, எந்த இடம் என்பதை வாயாலும் சொல்லிப் பதியுங்கள். பிறகு ஹெட்போனில் வரிசையாகக் கேட்டால் நல்ல இடம் தானே தெரிந்துவிடும். ஏரோப்ளேன் மோடை மறந்துவிடாதீர்கள். உருக்கமான இடத்தில் வந்து விழும் அழைப்பைவிடக் கொடியது வேறில்லை.

இன்னொருவரின் கைப்பேசியும் கிடைத்தால் அதைத் தாளக்காரருக்கு அருகில் வைக்கலாம். தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். கணினியில் இரண்டு பதிவுகளையும் பொருத்துவதற்கு அந்தத் தட்டல் அடையாளமாகும். முடிவிலும் ஒருமுறை தட்டிவையுங்கள். இரண்டு கைப்பேசிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை என்பதால், நீண்ட பதிவில் ஒன்று சற்றே முந்திவிடும். எவ்வளவு முந்தியது என்பதை இரண்டாவது தட்டல் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பதிந்த பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலை நீக்கினால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல ஆகிவிடுகிறது. நான் செய்யும் தவறு என்ன?

பதில்: முழு இரைச்சலையும் ஒரே மூச்சில் துடைக்கப் பார்ப்பதுதான் தவறு. அந்தக் கருவி, வெறும் இரைச்சலின் மாதிரி ஒன்றை முதலில் கேட்டுவைத்துக்கொண்டு, அதைப் போன்ற ஒலிகளைப் பதிவு முழுவதும் அமுக்குகிறது. அளவு மீறினால் குரலின் மெல்லிய ஓரங்களும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும்; அந்தத் தண்ணீர் ஓசை அதன் விளைவு. ஒவ்வொரு முறை பதியத் தொடங்கும்போதும், பாடும் இடத்திலேயே அசையாமல் நின்று, பத்து வினாடி வெறும் அறையைப் பதியுங்கள். அந்தப் பத்து வினாடியை மாதிரியாகக் காட்டி, 6 டெசிபல் அளவுக்கு மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். முற்றிலும் நிசப்தமான இடைவெளிகள் செயற்கையாகக் கேட்கும். மெல்லிய அறையோசை அடியில் இருப்பது காதுக்கு உறுத்தாது. இருமலையோ நாற்காலி ஓசையையோ வெட்டிய இடங்களிலும் அந்தப் பத்து வினாடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிடலாம்.

நீக்குவதற்கு முன், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். லாரி உறுமல், காலடி அதிர்வு, ஸ்டாண்டில் கை பட்ட ஓசை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேசும் குரலுக்கு அங்கே வேலை இல்லை. கம்ப்ரஸரை இரைச்சல் நீக்கத்துக்குப் பிறகு போடுங்கள். அது மெல்லியதைத் தூக்கிவிடும் கருவியாதலால், முன்னால் போட்டால் எதிரொலியையும் இரைச்சலையும் சேர்த்தே தூக்கிவிடும்.

செய்த மாற்றம் நல்லதா என்று பார்க்கும்போது ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்காதீர்கள். ஒலியின் அளவு மாறினால் தாழ்ந்த சுரங்களும் உயர்ந்த சுரங்களும் காதுக்குப் புலப்படும் விகிதமே மாறிவிடும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரக்க வைத்தால் எல்லாமே நிறைவாகத் தோன்றும். பழைய பதிவையும் திருத்திய பதிவையும் ஒரே அளவுக்குச் சமப்படுத்தி, பேச்சு மட்டத்தில், ஹெட்போனில் ஒருமுறையும் கைப்பேசியின் ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேளுங்கள். அப்போது திருத்தாத பதிவே மேலென்று பட்டால், அதையே வைத்துக்கொண்டு, மறுநாள் மைக்கை இன்னும் நான்கு விரற்கடை நெருக்கி வைத்துப் பதிந்து பாருங்கள்.